சந்தனமாரி கதவைத் தட்டிய முதுகு

வாய்க்கால்கரைத் தெருவுக்குக் கோட்டு அண்ணாச்சி வந்து சேர்ந்தது சித்திரை வெயில் பாளையங்கோட்டையையே வறுத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அதுவும் முழங்கால் வரைக்கும் தொங்குகிற கறுப்பு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, அதன் தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு கத்தியை மறைத்துப் பிடித்துக்கொண்டு. ஆனால் அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, வரச்சொன்னது இசக்கிப்பிரியாதான், அவளுக்கு அப்படியெல்லாம் வரச்சொல்லக் கற்றுக்கொடுத்தது அவளுடைய காலேஜ்தான்.

பிரியா விஸ்காம் மூன்றாம் வருஷம். ஜெபராஜ் சார் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே வேலை கொடுத்திருந்தார்: ஒரு திரில்லர் படத்தின் முதல் ரெண்டு நிமிஷத்தை மட்டும் எடுத்து வர வேண்டும், முழுப் படம் வேண்டாம், அதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க அவருக்குப் பொறுமையில்லை. அந்த ரெண்டு நிமிஷத்துக்கென்று சில முறைகள் இருக்கின்றன என்றும் சொல்லியிருந்தார். காலைக் காட்டு, கையைக் காட்டு, நிழலைக் காட்டு, முகத்தை மட்டும் உயிரே போனாலும் காட்டாதே. நடக்கிறவன் மெதுவாக நடக்கட்டும், உள்ளே இருக்கிறவள் ஒன்றும் தெரியாமல் பாட்டு முணுமுணுக்கட்டும். கதவை மூன்று தடவை தட்டு, மூன்றாவது தட்டோடு திரையை இருட்டாக்கிப் படத்தின் பேரைப் போடு, முடிந்தது. வந்தவன் யார், எதற்கு வந்தான், கதவு திறந்தால் என்ன ஆகும் என்று ஒரு பையன் கேட்டதற்கு, "அதெல்லாம் அடுத்த சீன், உனக்கு மார்க் முதல் சீனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பிரியா மாட்டிக்கொண்டாள்.

திரில்லருக்கு ஒரு மூடிய கதவு வேண்டுமல்லவா, அந்தத் தெருவில் அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்ற வீட்டுக் கதவெல்லாம் விடிந்ததிலிருந்து படுக்கப்போகிற வரைக்கும் ஆவென்று திறந்துதான் கிடக்கும், பூனையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஒரே மாதிரி போய்வரும். சந்தனமாரி அத்தை வீட்டுக் கதவு மட்டும் பிரியாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மூடியே இருந்தது. சந்தனமாரி, பிரியாவின் தாய்மாமன் பெண்டாட்டி. மாமா குடித்துவிட்டுக் கைநீட்டுகிற ஆள். ஒருநாள் அவள் அவருடைய பெட்டியைத் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டினவனை வெளியே தள்ளியவள் வீட்டுப் படியை இனி யாரும் மிதிக்கக் கூடாது என்று தெருப்பெண்கள் சேர்ந்து ஒரு கட்டுப்பாடு போட்டார்கள், அதில் முன்னால் நின்றவள் மாமாவின் கூடப்பிறந்த அக்காவான ஆவுடைத்தங்கம், அதாவது பிரியாவின் அம்மா. மாமா திருப்பூருக்குப் போய், வேறொரு கல்யாணமும் செய்து, ரெண்டு பிள்ளைகளும் பெற்று, எல்லாவற்றையும் சுத்தமாக மறந்துவிட்டார், தெரு மறக்கவில்லை.

ஆனால் சந்தனமாரி தைக்கிற ஜாக்கெட் போல உடம்பில் உட்காருகிற ஜாக்கெட் டவுனில் கூடக் கிடைக்காது என்பதால், கட்டுப்பாட்டைக் கதவோடு நிறுத்திக்கொண்டு ஜன்னலுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். துணி ஜன்னல் வழியாகப் போகும், ஜாக்கெட் ஜன்னல் வழியாக வரும், அளவுக்குப் பழைய ஜாக்கெட் ஒன்றை உள்ளே நீட்டினால் போதும், ஆள் உள்ளே போகவேண்டியதில்லை. ஆவுடைத்தங்கம் அந்த ஜன்னலுக்கும் வரமாட்டாள். மகளிடம் துணியைக் கொடுத்து, "தையக்காரிகிட்ட குடு" என்பாள், பேரைச் சொல்லமாட்டாள்.

பிரியா ஜன்னலில் போய் நின்று, "அத்தை, என் படத்துல நடிக்கியளா?" என்று கேட்டாள்.

சந்தனமாரி மிஷினை நிறுத்தினாள். "நான் என்னட்டி செய்யணும்?"

"உள்ள இருந்து பாட்டு முணுமுணுங்க. ஒரு ஆளு வந்து கதவத் தட்டுவான். நான் சொல்லுத வரைக்கும் தொறக்கவே கூடாது."

"அது எனக்குப் பழக்கந்தானே" என்றாள் சந்தனமாரி. வெளியே இருந்து யாரும் அவளைப் பார்க்கப்போவதில்லை என்று பிரியா எடுத்துச் சொல்லியும் கேட்காமல், அன்றைக்குப் பெட்டியிலிருந்து நல்ல சேலையாக எடுத்து உடுத்திக்கொண்டாள்.

ராத்திரியில் படம் எடுக்க அம்மா விடமாட்டாள். அதனால் விளக்கு வைக்கிற நேரத்தில் எடுத்துக் கம்ப்யூட்டரில் இருட்டாக்கிக்கொள்ளலாம் என்பது பிரியாவின் திட்டம். கொலைகாரனாக நடிக்க ரிக்சன் என்கிற வகுப்புத்தோழன் ஒத்துக்கொண்டிருந்தான். அவனுக்கான மழைக்கோட்டையும், அம்மாவின் அடுக்களையிலிருந்து கேட்காமல் எடுத்த மரப்பிடிக் கத்தியையும் தெருமுனைப் பாலத்துக் கட்டையில் வைத்துவிட்டு, வந்ததும் மாட்டிக்கொண்டு நில் என்று அவனுக்குச் சொல்லியிருந்தாள். காமிராவைச் சரிசெய்துவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தபோது அங்கே கோட்டுப் போட்ட ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "ஆக்சன்" என்றாள். அடடா, அந்த நடையைப் பார்க்க வேண்டுமே, ரிக்சனுக்குள் இப்படி ஒரு நடிகன் ஒளிந்திருந்தானா என்று அவளுக்கே புல்லரித்துப்போனது. ஒவ்வொரு அடியும் யோசித்து யோசித்து விழுந்தது. உள்ளே சந்தனமாரி முணுமுணுத்தாள், கை உயர்ந்தது, கதவு மூன்று தடவை தட்டப்பட்டது, மூன்றாவது தட்டோடு தெரு முழுக்கக் கண்ணைச் சிமிட்டி முடிக்கிற நேரத்துக்கு இருண்டு தெளிந்தது. கரண்ட் போய் வருகிறது என்று பிரியா நினைத்தாள். வெயிலுக்கு ஏது கரண்ட் என்று அவள் யோசிப்பதற்குள் போன் அடித்தது. ரிக்சன்தான். வண்டி பஞ்சர், சமாதானபுரத்தில் நிற்கிறேன், கோவிச்சுக்காதே என்றான்.

கோட்டுப் போட்ட ஆள் மறுபடி பாலத்துப் பக்கம் போய் நின்றிருந்தார். பிரியா கிட்டத்தில் போய்ப் பார்த்தாள், முதுகு தெரிந்தது. சுற்றி மறுபக்கம் போனாள், அங்கேயும் முதுகுதான் தெரிந்தது. பக்கவாட்டில் பார்த்தாலும், குனிந்து பார்த்தாலும், டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று பார்த்தாலும் முதுகு, தொப்பியின் பின்பக்கம், பின்னால் மறைத்துப் பிடித்த கத்தி. ஆவுடைத்தங்கம் இடுப்பில் குடத்தோடு வந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஏட்டி, அது என் கத்தியில்லா" என்றாள். கேட்டுப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், அவர் விடவில்லை. அன்றைக்கு ராத்திரி அவரைக்காய் அரியக் கத்தியில்லாமல் கையால் ஒடித்துப் போட்டுத்தான் குழம்பு வைத்தாள், அதை மூன்று வேளைக்குச் சொல்லிக்காட்டினாள்.

ஒரு வாரத்துக்குள் தெருவுக்கு அவர் பழகிவிட்டார். கத்தி வைத்திருக்கிற ஆளாயிற்றே என்று முதலில் கொஞ்சம் பயந்தார்கள்தான். ஆனால் கத்தியை அவர் முதுகுக்குப் பின்னால் மறைத்தார், முதுகைத் தவிர அவரிடம் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை, ஆக அந்தக் கத்தி சதா எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துகொண்டே இருந்தது, தெரிகிற கத்திக்கு எத்தனை நாள்தான் பயப்படுவது. ரேஷன் கடை வரிசையில் அவர் போய் நின்றால், பின்னால் நிற்கிறவருக்கும் அவர் முதுகு தெரிந்தது, முன்னால் நின்று திரும்பிப் பார்க்கிறவருக்கும் முதுகு தெரிந்தது; ஐயோ நாம்தான் இவருக்குப் பின்னால் போலிருக்கிறது என்று முன்னால் நின்றவர் பின்னால் போக, அவருக்கு முன்னால் நின்றவரும் பின்னால் போக, வரிசை வட்டமாகிக் கடைக்காரர் சீனிக்குப் பதில் தலைவலி மாத்திரை தேடினார். போலீஸ் ஏட்டையா ஒருவர் வந்து போட்டோ எடுத்தார், நேராக எடுத்ததும் பக்கத்திலிருந்து எடுத்ததும் ஒரே படமாக இருந்ததால் இதை வைத்து எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். தெருப்பெண்களுக்கோ, முகமில்லாத ஆளிடம் பேச்சு தன்னால் வந்தது. மருமகள் செய்ததை, மகன் செய்யாததை, வாங்க ஆசைப்பட்டு வாங்காமல் விட்டதை எல்லாம் அந்த முதுகிடம் சொல்லிவிட்டு, "சரி அண்ணாச்சி, வாரேன்" என்று லேசாகப் போனார்கள்.

ஒரு குறைதான், அவரால் எதையும் சாப்பிட முடியவில்லை. டீக்கடைச் சொரிமுத்து தினமும் ஒரு கிளாஸ் டீயைத் தோளுக்கு மேல் நீட்டிப் பார்ப்பார், வாய் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அது ஆறி அப்படியே திரும்பி வரும். "பாவம், மனுசன் காஞ்சு போயி நிக்காவ" என்பார்.

விளக்கு வைக்கிற நேரம் வந்தால் மட்டும் அவர் நடப்பார். அதே நடை, அதே கதவு, மூன்று தட்டு, தெரு இருண்டு தெளியும், பார்த்தால் அவர் பாலத்துப் பக்கம் நிற்பார். இருட்டுகிற நேரத்துக்குச் சொரிமுத்து கிளாஸ்களைக் கையால் மூடிக்கொள்ளப் பழகினார், சைக்கிளில் வருகிறவர்கள் ஒரு காலை ஊன்றிக்கொள்ளப் பழகினார்கள். உள்ளே சந்தனமாரி ஒவ்வொரு நாளும் நல்ல சேலை உடுத்திக்கொண்டு முணுமுணுத்தாள், கதவைத் திறக்கவில்லை. பிரியாதான் திறக்கச் சொல்லவில்லையே.

காலேஜில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் ஜெபராஜ் சார் எழுந்து போய் விளக்கைப் போட்டார். அப்புறம், இதைத்தான் சென்னையில் நடக்கிற விழாவுக்கு அனுப்பப்போகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் பத்து நிமிஷப் படமாக முடித்துக் கொண்டு வா என்றார். பிரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. சென்னை, பெரிய திரை, பேர் போட்டு வருகிற படம், இதற்காகத்தானே டாக்டருக்குப் படி என்று சொன்ன ஊரையெல்லாம் எதிர்த்துக்கொண்டு விஸ்காமில் சேர்ந்தாள்.

"கதவு திறந்தா என்ன சார் ஆகணும்?" என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி? முதல்ல கதவைத் திறக்கிறவங்க செத்தாகணும். இல்லேன்னா அவன் கையில கத்தி எதுக்கு? அதுக்கு என்ன திரில்லர்னு பேரு?" என்றார் சார்.

பஸ்ஸில் வரும்போதுதான் பிரியாவுக்கு விஷயம் உறைத்தது. கோட்டு அண்ணாச்சி இதுவரை அவள் வைத்த முறையிலிருந்து ஒரு அடி கூட விலகியதில்லை. கதவைத் திறந்தால் அடுத்த முறை என்னவென்று சார் சொல்லிவிட்டார். கத்தி நிஜக் கத்தி. அத்தை நிஜ அத்தை.

தெருவில் இறங்குவதற்குள் சேதி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது, எல்லோரிடமும் ஒரு கதை இருந்தது. கத்திக்குப் பதில் வாழைப்பூவைக் கையில் கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர், கதவைத் திறக்கிறவள் கராத்தே தெரிந்தவளாக இருக்கட்டும் என்றது ஒரு பிள்ளை, அவர் போய்விட்டால் நாங்கள் யாரிடம் பேசுவது, இப்படியே விட்டுவிடு என்றார்கள் பெண்கள். சொரிமுத்து மட்டும் பாலத்துப் பக்கம் கையைக் காட்டினார். தட்டித் தட்டி அந்த ஆளின் விரல்முட்டி வீங்கிப்போயிருந்தது. "எத்தன நாளைக்கு ஒரு மனுசன ஒரே கதவுல நிப்பாட்டி வச்சிருப்ப?" என்றார்.

வீட்டில் ஆவுடைத்தங்கம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவகிட்ட தொறக்க வேண்டாம்னு சொல்லு" என்றாள்.

"எவகிட்டம்மா?"

"மாரிகிட்டதான்."

அந்தப் பேரை அம்மா வாயிலிருந்து பிரியா கேட்டதே இல்லை.

"அது என் கத்தி. என் கத்தியால அவளுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் எங்கட்டி போயி நிப்பேன்" என்று சொல்லிவிட்டு அம்மா, கொதிக்காத குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

பிரியா ஜன்னலுக்குப் போனாள். "அத்தை, படத்த நிறுத்திருவோம். சென்னையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அவரு தட்டுனா தொறக்காதீங்க" என்றாள்.

சந்தனமாரி ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "ஏன்?" என்றாள்.

"கத்தி வச்சிருக்காரு அத்தை. மொதல்ல தொறக்கவங்க செத்துருவாங்களாம். அதுதான் மொறையாம்."

"யாரு சொன்னா?"

"எங்க சாரு."

"அவரு வீட்டுக் கதவ யாரும் தட்டுவாகளா, மாட்டாகளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், "இங்க பாரு பிரியா, உங்க மாமா பெட்டியத் தூக்கி வெளிய வச்சேன் பாரு, அன்னையிலிருந்து இந்தக் கதவ ஒருத்தரும் தட்டல. மழை பெஞ்சாலும் ஜன்னல், நான் காய்ச்சல்ல கெடந்தாலும் ஜன்னல். இப்ப ஒருத்தவிய தெனமும் வந்து தட்டுதாவ. நீ சொன்னியேன்னுதான் தொறக்காம இருக்கேன், இல்லேன்னா மொத நாளே தொறந்திருப்பேன். நாளைக்கி விளக்கு வைக்கையில நான் தொறக்கப்போறேன். நீ தொறங்கன்னு ஒரு வார்த்த சொல்லிரு, சொல்லாமத் தொறந்தா உன் படம் கெட்டுப்போவும்" என்றாள்.

பிரியா ரொம்ப நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "தொறங்க அத்தை" என்றாள்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெருவே வாசலில் வந்து நின்றது. ஆவுடைத்தங்கமும் வந்தாள், மற்றவர்களுக்குப் பின்னால், முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு. கோட்டு அண்ணாச்சி நடந்தார், அதே நடை, உள்ளே அதே முணுமுணுப்பு, வீங்கிய கை உயர்ந்தது. ஒன்று. ரெண்டு. மூன்று. தெரு இருண்டது, ஆனால் இந்தத் தடவை அந்த இருட்டுக்குள் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. தெளிந்தபோது கதவு மூடியிருந்தது, வாசல்படியிலும் ஆளில்லை, பாலத்துப் பக்கமும் ஆளில்லை. முணுமுணுப்பு நின்றுபோயிருந்தது.

காத்திருந்தார்கள். தையல் மிஷின் சத்தம் வரவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்த பிள்ளை, திரை போட்டிருக்கு என்றது. யாராவது போய்க் கதவைத் தட்டுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், எல்லோருமே சொன்னதால் யாரும் போகவில்லை. அந்தப் படியை மிதிப்பது எப்படியென்று கால்களுக்கு மறந்துபோயிருந்தது. பிரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, நான்தானே திறக்கச் சொன்னேன், நான்தானே என்று அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

அப்போது ஆவுடைத்தங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து வைத்து, படி ஏறினாள். பிரியா ஏன் காமிராவைத் தூக்கினாள் என்று அவளுக்கே தெரியாது, பழக்கம்தான். காமிராவுக்குள் அம்மாவின் முதுகு தெரிந்தது, அவிழ்ந்து சரிந்த கொண்டை தெரிந்தது, உயர்ந்த கை தெரிந்தது. கை தட்டாமல் அப்படியே நின்றது. அப்புறம் தட்டியது.

தெரு இருளவில்லை.

கதவு திறந்தது. சந்தனமாரி நின்றாள், கையில் மரப்பிடிக் கத்தி, கண்ணெல்லாம் கலங்கிப்போய். ஆவுடைத்தங்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என்ன பார்த்தாள் என்று வெளியே நின்ற ஒருவருக்கும் தெரியாது.

"வாங்க மதினி" என்றாள். "அவிய சோறு கொழம்பு அம்புட்டையும் சாப்பிட்டுட்டாவ. நமக்கு ரசமாவது வைப்போம்னு வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருக்கேன்."

"அது என் கத்திட்டி" என்றாள் ஆவுடைத்தங்கம்.

"தெரியும் மதினி."

"குடு. நான் அரியுதேன். உனக்கு வெங்காயம் ஆகாது, கண்ணு வீங்கிக்கிடும்" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் யாரும் கதவைச் சாத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் தெருப்பூனை உள்ளே போனது, அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளை போனது.

கோட்டு அண்ணாச்சி சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டாராம், கோட்டை மட்டும் ஆணியில் மாட்டிவிட்டு. வாய்க்காலுக்கு அக்கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர், ஆமாம், எதிரே ஒருத்தர் வந்தார், நல்லாருக்கியளா என்று கேட்டார், சும்மா நம்மளை மாதிரி ஒரு முகம்தான் என்று சொன்னார். தெருப்பெண்கள் கொஞ்ச நாள் பேச ஆளில்லாமல் திண்டாடினார்கள், பிறகு ஒவ்வொருத்தியாகச் சந்தனமாரி வீட்டு மிஷினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். வெயிலுக்கு உதவாத அந்தக் கோட்டைச் சந்தனமாரி வெட்டி மிஷினுக்கு உறை தைத்துவிட்டாள்.

ஜெபராஜ் சார் படத்தை ரெண்டு தடவை பார்த்தார். "செத்தது யாரும்மா?" என்று கேட்டார். யாரும் சாகலை சார் என்றாள் பிரியா. "கடைசியில வர்ற அந்தம்மா முகத்தையாவது காட்டியிருக்கலாமே?" என்றார். நான் வெளியே நின்னேன் சார் என்றாள். சென்னைக்கு வேறொரு பையனின் படம் போனது, அதில் நாலு பேர் செத்தார்கள். பிரியாவுக்கு வருத்தம்தான், இல்லையென்று சொன்னால் பொய். ரெண்டு நாள் காமிராவைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் ஒரு துணியை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனாள். கால் தன்னால் ஜன்னலுக்குத்தான் போனது. அப்புறம் ஞாபகம் வந்து திரும்பி, திறந்து கிடந்த கதவுக்குள் நுழைந்தாள். மிஷினுக்கு எதிரே நின்று, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"அத்தை, அவரு மொகம் எப்படி இருந்துச்சு?"

சந்தனமாரி யோசித்தாள். "உங்கம்ம மொகம் மாதிரிதான் இருந்துச்சு."

"எங்கம்மை மாதிரியா?"

"தொறப்பாளோ மாட்டாளோன்னு ஒரு மொகம் இருக்கும்லா, அதுதான். ரெண்டு பேருக்கும் அதே மொகந்தான்" என்றாள். சொல்லிவிட்டுக் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். பிரியா பையிலிருந்து அளவு ஜாக்கெட்டை வெளியே எடுத்து நீட்டினாள், அதை அத்தை வாங்கவில்லை.

"அத உள்ள வையி. கையத் தூக்கு" என்றாள்.